நித்திரையும் சாவும்: தாயை இழந்த ஒரு பெண்ணின் இரவுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அண்டிய கடற்கரைக் கிராமம் ஒன்றில் வசிக்கும் 44 வயதுப் பெண் ஒருவர், தாயார் காலமாகி ஐந்து மாதங்களின் பின், “படுக்கப் பயமாக் கிடக்கு” என்ற ஒற்றை முறைப்பாட்டுடன் உளவளத்துணைக்காக எம்மிடம் அனுப்பி வைக்கப்பட்டார். அவர் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவர், கணவர் கடற்றொழிலாளி, மூத்த மகள் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறார், வீட்டில் இருப்பது எட்டு வயது மகன் மட்டுமே. அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறோம். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சொன்ன திருத்தங்களையும் சேர்த்து, அவருடைய சம்மதத்துடனேயே இதை வெளியிடுகிறோம்.

இந்நிகழ்வில் வரும் நோய்நிலை அபூர்வமானதன்று. இதை விரிவாக எழுதத் தூண்டியது வேறொரு காரணம். நித்திரையிலேயே உயிர் பிரிவதை நம்மவர்கள் நல்ல சாவு என்று கொள்கிறோம். அதைச் சொல்லித்தான் துக்க வீட்டில் ஒருவரையொருவர் ஆற்றுகிறோம். அதே ஆறுதலைக் கேட்ட இந்தப் பெண்ணுக்கு, ஒவ்வோர் இரவும் கண்ணை மூடுவதே சாவுக்கு இணங்குவதாகத் தோன்றத் தொடங்கியது. ஆறுதலாகச் சொல்லப்பட்டது எந்த இடத்தில், எதனால் அச்சமாகத் திரும்பியது என்பதைக் கண்டுகொள்ளாமல் இவருக்கு நித்திரையை மீட்டுக் கொடுத்திருக்க முடியாது.

முறைப்பாடும் இரவு நடைமுறையும்

அவரை அனுப்பிய கடிதத்தில் ‘சுனாமிப் பாதிப்பு, மன அழுத்தம்’ என்று எழுதப்பட்டிருந்தது. இந்தக் கரையோரத்தில் அப்படி எழுதுவது இலகு. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்த வீடுகளில் அவருடையதும் ஒன்று. அதற்கு முன்னரும் பின்னரும் போர் காரணமாக இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, மீண்டும் கூரை போட்டவர் அவர். ஆயினும் அந்த ஆண்டுகளில் எப்போதும் நித்திரை தமக்குக் குழம்பியதில்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார். எப்போதிருந்து இப்படி என்று கேட்டதற்கு, “அம்மாட எட்டுக்குப் பிறகு, மிஸ்” என்று, எட்டாம் நாள் சடங்கையே குறித்துச் சொன்னார். பழைய பெருந்துயரங்கள் இருக்கும் ஊரில் புதிய துயரத்தின் காரணத்தையும் அவற்றிலேயே போட்டுவிடும் பழக்கம் எம் துறையில் உண்டு. இங்கே நோயாளியின் சொல்லையே திகதியாகக் கொண்டு தொடங்கினோம்.

அவருடைய இரவு இவ்வாறு கழிந்தது. மகன் படுத்த பின், விறாந்தையில் மின்விளக்கைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பொத்தான் தைப்பார், விளிம்பு மடிப்பார், தைக்க எதுவும் இல்லாவிட்டால் தைத்ததைப் பிரிப்பார். அதிகாலை இரண்டரை மணிக்குக் கணவரை எழுப்பி, தேநீர் ஊற்றிக் கொடுத்து, கடலுக்கு அனுப்புவார். அதன்பின் உடம்பு தாங்காமல் கட்டிலில் சாய்வார். அப்போதும் கதவைப் பார்த்தபடி இருக்கவேண்டும் என்பதற்காக நிமிர்ந்தே கிடப்பார். அரை மணித்தியாலம் போகாது. கண் திறந்திருக்கும், மின்விசிறி சுற்றுவது, அலுமாரி, சுவரிலுள்ள தாயின் படம், எல்லாம் தெரியும், ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. நெஞ்சின்மேல் யாரோ ஏறி இருப்பதுபோல் பாரம். கத்தினால் சத்தம் வராது. கதவடியில் ஓர் ஆள் நிற்பது தெரியும். இரண்டு தடவைகள் அந்த ஆள் தாயாகவே இருந்தார்; இறந்த அன்று உடுத்திருந்த அதே பச்சைச் சீலை. “என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தவ” என்பது அவருடைய முடிவு. ஓரிரு நிமிடங்களில் அது விலகும்; மகன் பக்கத்தில் படுத்திருந்து அவனுடைய கையோ காலோ பட்டால் உடனே விலகும்.

இன்னொரு பழக்கமும் ஏற்பட்டிருந்தது. கணவரும் மகனும் உறங்கும்போது, சுட்டுவிரலின் பின்புறத்தை அவர்களுடைய மூக்கின் கீழ் பிடித்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். தாயார் இறந்ததை அவர் அறிந்துகொண்டது அப்படித்தான். அண்மைக் காலமாகப் பகலில் தாம் சற்றுக் கண்ணயர்ந்தால், மகனும் வந்து அதே விரலால் அதே விதமாகப் பார்க்கிறான் என்று அவர் சொன்னபோதுதான் முதற்சந்திப்பில் அழுதார்.

எம்மிடம் வருமுன் வீட்டார் சும்மா இருக்கவில்லை. பேய் அமுக்குகிறது என்று பார்வை பார்த்து, கையில் நூல் கட்டினார்கள். பத்திரகாளி அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்தார்கள். தனியார் வைத்தியர் ஒருவர் நித்திரைக் குளிசை கொடுத்தார். குளிசையை அவர் ஒரு நாளும் போடவில்லை. போட்டால் எழும்ப முடியாமல் போய்விடும் என்று பயந்தார். நூல் கட்டிய பின் சில நாட்கள் அமுக்கம் வரவேயில்லை. இதை நாம் அலட்சியமாக விடவில்லை: தமக்குக் காவல் உண்டு என்று நம்பிய நாட்களில் அவர் நேரத்துக்குப் படுத்திருக்கிறார், கதவைப் பார்த்துக் கிடக்கவில்லை என்பது பின்னர் விசாரித்ததில் தெரியவந்தது.

தாயின் மரணமும் அதன்பின் சொல்லப்பட்டவையும்

தாயார் எழுபதைத் தாண்டியவர். நீரிழிவுக்கும் பிறசருக்கும் நெடுங்காலமாகக் கிளினிக் போய் வந்தவர். மாசி மாதத்தில் ஓர் இரவு வழக்கம்போல் இடியப்பம் சாப்பிட்டு, பேரனுக்குத் திருநீறு பூசிவிட்டு, மகளின் பக்கத்துக் கட்டிலில் படுத்தார். விடிய ஐந்தரை மணியளவில் மகள் எழுப்பப் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. கிளினிக் கொப்பியைப் பார்த்து, வீட்டாரை விசாரித்த திடீர் மரண விசாரணை அதிகாரி மாரடைப்பு என்று பதிந்தார்.

வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சொல்லைச் சொன்னார்கள். “குடுத்து வைச்ச மனுசி, நித்திரையிலேயே போயிட்டா.” “நோய் நொடி எண்டு படுக்கையில கிடக்காமல், கண் மூடினது மூடினபடி.” படுக்கையில் மாதக்கணக்கில் கிடந்து, பிள்ளைகளுக்குச் சுமையாகி, வலியோடு போகும் மரணங்களை அருகிருந்து பார்த்த ஊர் அது, குண்டிலும் கடலிலும் போனவர்களை எண்ணிப் பார்க்கும் ஊரும் கூட. அப்படிப்பட்ட ஊரில் ஒரு முதியவர் தம் வீட்டில், தம் கட்டிலில், வயிறாறச் சாப்பிட்டுவிட்டுப் போவது உண்மையிலேயே பெரும் பேறு; சொன்னவர்கள் மனதாரச் சொன்னார்கள்.

திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடித்து, மூத்த பேரன் கொள்ளி வைத்தான். தாயின் ஒரே மகன் கனடாவில். வர முடியாமல் கைத்தொலைபேசியின் காணொளியிலேயே எல்லாவற்றையும் பார்த்தார். 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனார்கள். இராவணன் தன் தாய்க்கு நீர்க்கடன் செய்த இடம் என்ற ஐதிகத்தால் திருகோணமலைச் சைவக் குடும்பங்கள் இறந்தவர்களுக்கான கடனை அந்த ஏழு கிணறுகளின் அருகே செய்வது நீண்டகால வழக்கம். அன்று வீட்டில் பகிர்ந்த நினைவு மலரின் முதற்பக்கத்தில், தாயின் படத்தின் கீழ், நிலையாமை அதிகாரத்தின் 339ஆம் குறள் அச்சிடப்பட்டிருந்தது:

உறங்கு வதுபோலுஞ் சாக்காடு உறங்கி
விழிப்பது போலும் பிறப்பு.

அந்த மலரை அவர் தலைமாட்டில் வைத்திருந்தார். எம்மிடம் கொண்டுவந்து காட்டியபோது, அந்தப் பக்கத்தின் ஓரம் விரல் பட்டுப் பட்டு மங்கிப் போயிருந்தது. பாடசாலையில் மனனம் செய்த குறள்தான், அப்போது ஒன்றும் தோன்றவில்லை, இப்போது இரவில் அது மட்டும்தான் வருகிறது என்றார். கவனிக்க வேண்டியது, அவர் முதலடியை மட்டுமே சொல்லி நிறுத்தினார் என்பதாகும்.

மருத்துவப் பரிசோதனை

இதனை விரைவில் சொல்லிவிடலாம். ஈசிஜி, குருதிச் சீனி, தைரொயிட்டு, ஈமோகுளோபின் ஆகியன இயல்பாக இருந்தன. பகலில் திடீரென்று நித்திரை வந்து விழுவதோ, சிரிக்கும்போது முழங்கால் தளர்வதோ இல்லை. நாக்கைக் கடித்தல், படுக்கையில் சிறுநீர் போதல் போன்ற வலிப்பின் அடையாளங்கள் இல்லை. பெருங்குறட்டையும் மூச்சுத் தடைப்படுதலும் இல்லை என்று கணவர் சொன்னார். பசி குறைந்திருந்தது, ஆனால் வேலையில் ஈடுபாடு குறையவில்லை, தாயைப் பற்றிச் சிரித்துக்கொண்டும் கதைக்க முடிந்தது. நீடித்த துயர்க் கோளாறு என்று சொல்வதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது வகைப்படுத்தல் குறைந்தது ஆறு மாதங்களைக் கேட்கிறது. காலக்கணக்கை விட்டாலும், அவருடைய துயரம் தேங்கிய துயரமாக எமக்குத் தெரியவில்லை. தனித்து நிகழும் நித்திரை முடக்கமும் (வீட்டார் அமுக்கம் என்றது இதையே), அதன் காரணமாகவும் அதற்கு முன்னதாகவும் இருந்த நித்திரை அச்சமும் என்று பரிசோதித்த வைத்தியரும் நாமும் முடிவுக்கு வந்தோம்.

அமுக்கம் எவ்வாறு நிகழ்கிறது

நித்திரை ஒரே சீரான இருட்டன்று. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக, ஓர் இரவில் நான்கு ஐந்து தடவைகள், ஆழ்ந்த நித்திரையும் கனவு செறிந்த நித்திரையும் மாறி மாறி வருகின்றன. கனவு செறிந்த இந்தப் பகுதியில் மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசைவதை 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் வெளியிட்டார்கள். வளர்ந்தவரின் நித்திரையில் அது நான்கிலொரு பங்கு அல்லது சற்றுக் குறைவு. விடியலை நெருங்க நெருங்க அதன் நீளம் கூடும். அந்த நேரத்தில் மூளைத்தண்டிலிருந்து புறப்படும் கட்டளை முண்ணாணின் இயக்க நரம்புகளைத் தடுத்து, கை கால்களைத் தளர்த்தி வைக்கிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்தும் ஓடுவார். கண்தசைகளும் மூச்சை நடத்தும் பிரிமென்றகடும் மட்டும் இந்தத் தடுப்புக்கு விலக்கு.

சில வேளைகளில் தளர்ச்சி நீங்குமுன் விழிப்பு வந்துவிடுகிறது. அப்போது அறை தெரியும், உடல் வராது. விலா எலும்பிடைத் தசைகள் தளர்ந்திருப்பதால், தானாக நடக்கும் மூச்சு போதுமானதாக இருந்தாலும், வேண்டுமென்று ஆழமாக இழுக்க முயன்றால் வராது. அதையே நெஞ்சின்மேல் பாரம் என்று உணர்கிறோம். அச்சத்தை எழுப்பும் மூளைப்பகுதி கனவு நிலையிலிருந்தபடி முழு வேகத்தில் வேலை செய்வதால், காரணமின்றி எழுந்த அச்சத்துக்கு மூளை ஓர் ஆளை உண்டாக்கிக் கதவடியில் நிறுத்துகிறது. அந்த ஆளுக்கு எந்த முகம் கிடைக்கும் என்பது ஊரையும் வீட்டையும் பொறுத்தது. 2011இல் வெளிவந்த, பல ஆய்வுகளைத் தொகுத்த கணிப்பொன்றின்படி, பொதுமக்களில் 7.6 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதனை அனுபவித்திருக்கிறார்கள். நிமிர்ந்து படுத்தலும் நித்திரைக் குறைவும் இதனைக் கூட்டும். 1992இல் யப்பானிய ஆய்வாளர்கள் நித்திரையை இடையில் வேண்டுமென்றே குழப்பி, மீண்டும் படுக்கவைத்து, சிலருக்கு இந்த முடக்கத்தை ஆய்வுகூடத்திலேயே வரவழைத்துக் காட்டினார்கள்.

இதை வைத்து அவருடைய இரவைப் பார்த்தால், பயத்தில் அவர் செய்துகொண்ட ஒவ்வொரு காவலும் அமுக்கத்துக்கு வழி விட்டது தெரியும். இரண்டரை மணிவரை விழித்திருந்தார். பிறகு எழுந்து வேலை செய்து, கனவு நித்திரை மிகுந்த நேரத்தில், அசதியோடு, நிமிர்ந்து படுத்தார். இதை ஒரு தாளில் இரவின் மணிக்கணக்கோடு கீறி அவருக்குக் காட்டினோம். அவர் அந்தக் கோட்டைப் பார்த்துக் கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப அம்மா வாறதில்லையா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லக்கூடாது என்பது எமது துணிபு. 1971இல் வேல்ஸில் டியூவி ரீஸ் என்ற வைத்தியர், துணையை இழந்த 293 பேரைக் கண்டு விசாரித்தபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தவரின் இருப்பைத் தாம் உணர்ந்ததாகச் சொன்னார்கள். அவர்களில் மிகப் பலருக்கு அது துணையாகவே இருந்தது. தாயைக் காண்பது நோயன்று. பச்சைச் சீலையோடு நின்ற தாய் ஏன் கூட்டிக்கொண்டு போக வந்தவராகத் தோன்றினார், ஏன் பார்க்க வந்தவராகத் தோன்றவில்லை என்று அவரிடமே கேட்டோம். அந்தச் சந்திப்பில் பதில் வரவில்லை.

சொல்லாமல் வைத்திருந்த சத்தம்

சில வாரங்கள் கழித்து, தைக்கக் கொடுத்த உடுப்புகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, இடையில் நிறுத்தி அவராகவே சொன்னார். தாய் இறந்த இரவு, வழக்கம்போல் இரண்டரைக்கு எழுந்து கணவரை அனுப்பிவிட்டு வந்தபோது, தாய் உரத்துக் குறட்டை விடுவது கேட்டது. விட்டு விட்டு வந்தது. இடையில் நீண்ட இடைவெளி. பிறகு இழுத்து ஒரு மூச்சு. அயர்ந்து நித்திரை கொள்கிறா, குழப்பக்கூடாது என்று எண்ணி, விளக்கை அணைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். அன்று அவருக்கு நல்ல நித்திரை. அந்த நல்ல நித்திரையைத்தான் அவரால் தமக்கு மன்னிக்க முடியவில்லை.

எட்டுச் செலவு முடிந்த அன்று இரவு தமையன் கனடாவிலிருந்து தொலைபேசியில் எடுத்து, “நீ பக்கத்திலதானே படுத்தனி?” என்று கேட்டிருக்கிறார். அவர் ஓம் என்றார். தமையன் வேறொன்றும் கேட்கவில்லை. முதலாவது விழித்த இரவு அதுதான்.

இதற்குப் பிறகு முன்னர் கேட்டவை யாவும் வேறாகப் பொருள்பட்டன. ‘நித்திரையிலேயே போயிட்டா’ என்று ஊர் சொன்னபோது, இவருக்குக் கேட்டது, நித்திரை என்று எண்ணி நீ விட்டுவிட்டாய் என்பது. நித்திரையும் சாவும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் என்பது மற்றவர்களுக்கு ஓர் உவமை. இவர் அந்த ஒற்றுமையில் ஏமாந்தவர். ஆகவேதான் மூக்கின் கீழ் விரல் பிடித்தார். ஆகவேதான் தம் நித்திரையே குற்றமாயிற்று. ஆகவேதான் கதவடியில் நின்ற தாய் கூட்டிக்கொண்டு போக வந்தார்.

“நான் எழுப்பியிருந்தா, 1990 அம்புலன்சுக்கு அடிச்சிருந்தா, அவ இருந்திருப்பாவோ மிஸ்?”

உங்களில் பிழையில்லை என்று அந்த இடத்தில் சொல்லிவிடுவது எளிது. துக்க வீட்டில் அதைப் பலரும் சொல்லியிருந்தார்கள், சத்தத்தைப் பற்றித் தெரியாமலேயே. தெரியாதவர் தரும் விடுதலை அவருக்குப் பயன்படவில்லை. தெரிந்தவரிடமிருந்து உண்மையைக் கேட்க விரும்பினார். ஆகையால் வைத்தியரையும் அழைத்து, மூவரும் இருந்து கதைத்தோம். வைத்தியர் எதையும் மறைக்கவில்லை. இதயம் நிற்கும் தறுவாயில் வரும் இழுப்பு மூச்சு குறட்டை போலக் கேட்கலாம். அருகிலிருப்பவர்கள் அதைக் குறட்டை என்று எண்ணிவிடுவது வைத்தியர்கள் நன்கறிந்த விடயம். தாயார் வாழ்நாளெல்லாம் குறட்டை விட்டவர் என்பதும், வயது முதிர்ந்தவர்களின் சாதாரணக் குறட்டையும் இடைவெளி விட்டு வரும் என்பதும் அதேயளவு உண்மை. அன்று கேட்டது இரண்டில் எது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அது முதலாவதாகவே இருந்தாலும், நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நிமிடத்துக்கும் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. வசதி மிகுந்த நாடுகளிலேயே வைத்தியசாலைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பத்தில் ஒருவர் அளவுதான் உயிரோடு வீடு திரும்புகிறார்கள்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில், “அப்ப எனக்குத் தெரியாமலே போகட்டும் எண்டு சொல்றியள்” என்றார். ஓம் என்றோம். அது அவருக்குப் பிடித்த பதிலன்று. ஆனால் அதற்குப் பிறகுதான், அன்றைய நல்ல நித்திரையைப் பற்றி வெட்கமின்றிக் கதைக்க அவரால் முடிந்தது.

இரவை மாற்றியதும், நம்பிக்கையோடு கதைத்ததும்

நடைமுறை மாற்றங்கள் மிகச் சாதாரணமானவை. தேநீரை இரவு ஒன்பதரைக்கே போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டு, கணவர் தாமே எழுந்து போவது என்று ஏற்பாடாயிற்று. கணவர் உடனே சம்மதித்தார். யாரும் இதற்கு முன் கேட்கவில்லை என்றார். படுக்கும் நேரம் பத்தாக வைக்கப்பட்டது. பக்கவாட்டில் படுப்பதற்கு, முதுகுப்புறம் ஒரு தலையணை. அமுக்கம் வந்தால் எழும்பப் போராடாமல், கண்களை இடம் வலமாக அசைப்பது, பிறகு கால் பெருவிரலை அசைக்க முயல்வது, மூச்சு தானாக நடக்கிறது என்று மனதுக்குள் சொல்வது. மாரடைப்பு இரவில்தான் வரும் என்ற அவருடைய எண்ணத்தையும் வைத்தியர் திருத்தினார்: திடீர் இதய மரணங்கள் குறைவாக நிகழ்வது இரவிலும், கூடுதலாக நிகழ்வது காலை விழித்தெழுந்த பின்னான மணித்தியாலங்களிலும் என்பதை 1980களின் ஆய்வுகளே காட்டிவிட்டன.

நித்திரையில் தாம் இல்லாமற் போகிறோம் என்ற எண்ணமே அசைக்கக் கடினமாக இருந்தது. அதற்கு அவருடைய சொந்த அனுபவத்தையே சாட்சிக்கு அழைத்தோம். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, கணவரின் குறட்டைக்கு விழிக்காதவர், பிள்ளை தொட்டிலில் சிணுங்கினால் விழித்தார். விழிக்குமுன் அந்தச் சிணுங்கலைக் கேட்டது யார்? 1960இல் இயன் ஒஸ்வால்டும் உடனாய்வாளர்களும், உறங்குபவர்களுக்குப் பல பெயர்களை ஒலிபரப்பி மூளை அலைகளைப் பதிந்தபோது, தம் சொந்தப் பெயருக்கு உறங்கும் மூளை வேறுபட்டுப் பதிலளிப்பதைக் கண்டார்கள். உறங்கும் மனிதர் தமக்கு வேண்டியதற்குச் செவி வைத்திருக்கிறார். சிணுங்கலைக் கேட்டவர் நான்தானே என்று அவர் சொன்னது இந்தச் சிகிச்சையில் முக்கியமான இடம்.

நம்பிக்கை சார்ந்த பகுதியில் நாம் ஆசிரியராக நிற்கவில்லை. கிராமத்துக் கோயிலில் பண்ணிசை சொல்லிக் கொடுக்கும் பெரியவர் ஒருவரிடம் அவர் மதிப்பு வைத்திருந்தார். அவரிடமே குறளைப் பற்றிக் கேட்கும்படி சொன்னோம். பெரியவர், சைவ சித்தாந்த ஆசிரியரான மெய்கண்டார் வழியில் சொல்லப்படும் ஐந்து அவத்தைகளை, அதாவது உயிரின் ஐந்து நிலைகளை, விளக்கியிருக்கிறார். நனவில், உயிர் அறிவதற்குத் துணையாகும் 35 கருவிகள் தொழிற்படும், கனவில் 25, கனவற்ற உறக்கமாகிய சுழுத்தியில் சித்தம், பிராணன் (உயிர்மூச்சு), புருடன் (உயிர்) என்ற மூன்று மட்டும், துரியத்தில் பிராணனும் புருடனும், துரியாதீதத்தில் புருடன் ஒன்றே. கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்றாலும் சுழுத்தியிலும் துரியத்திலும் பிராணன் விட்டுப் போவதில்லை என்பதைப் பெரியவர் அழுத்திச் சொன்னாராம். பிறகு குறளின் இரண்டாம் அடியையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறார். ஓர் உளவளத்துணையாளர் அதே விளக்கத்தை எவ்வளவு அழகாகச் சொல்லியிருந்தாலும் அது அந்த வீட்டுக்குள் போயிராது.

இன்னொரு கதை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அவரிடம் நீண்டகாலமாக உடுப்புத் தைப்பிக்கும் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி ஒருவர், நித்திரைப் பயத்தைக் கேள்விப்பட்டு, “நாங்க ஒவ்வொரு ராவும் அல்லாஹ்ட பேரால மௌத்தாகி (இறந்து), விடிய அவன்ட பேராலதான் எழும்புறம், புள்ள” என்று சொல்லியிருக்கிறார். உறங்குமுன் ஓதும் துஆவும் (பிரார்த்தனையும்) விழித்ததும் ஓதும் துஆவும் அதையே சொல்கின்றன. குர்ஆனின் 39ஆம் அத்தியாயம் 42ஆம் வசனமும், உறக்கத்தில் கைப்பற்றப்படும் உயிர்கள் தவணைவரை திருப்பி அனுப்பப்படுவதைப் பேசுகிறது. குறள் சொல்வதிலும் கடுமையாக நித்திரையையும் சாவையும் இது இணைக்கிறது. ஆயினும் அந்தப் பெண்மணி நிம்மதியாக உறங்குகிறார். ஒப்பிடுவதால் மட்டும் அச்சம் வருவதில்லை என்ற எமது கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. உயிரை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் படுப்பவருக்கும், தாமே விழித்திருந்து காக்கத் தவறினோம் என்று எண்ணிப் படுப்பவருக்கும், அதே ஒப்புமை வேறு வேறாக வேலை செய்கிறது.

மகன்

மரண வீட்டில் பெரியவர்கள் அவனிடம், அம்மம்மா நித்திரை கொள்கிறா என்று சொல்லியிருந்தார்கள். சாவு திரும்பி வராதது, அதில் உடம்பு எதையும் உணராது, எல்லோருக்கும் அது உண்டு என்பவற்றைப் பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் விளங்கிக்கொள்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு உண்மை தெரியும். தெரிந்ததும் பெரியவர்கள் சொன்னதும் மோதியதால்தான் அவன் தாயின் மூக்கின் கீழ் விரல் பிடித்தான். தாயே அவனை மடியில் வைத்துக்கொண்டு, அம்மம்மாவின் இதயம் பழுதாகி நின்றுவிட்டது, அது நித்திரையன்று, நித்திரை கொள்ளும் எல்லோரும் எழும்புவார்கள், அம்மம்மா எழும்பமாட்டா என்று சொன்னார். அவன் கேட்டது ஒரே கேள்வி: கன்னியாவில் ஊற்றிய தண்ணீர் சுடுநீர், அது அம்மம்மாவுக்குச் சுட்டிருக்குமா? சுடாது என்று சொன்னார். பழக்கம் சில நாட்களில் நின்றது.

தொடர் கண்காணிப்பு

ஐப்பசிக்குள் அவர் பெரும்பாலான இரவுகளில் ஆறு மணித்தியாலங்களுக்கு மேல் உறங்கினார், அமுக்கம் அருகியது. ஆனால் கார்த்திகையில் வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்ததால் படகுகள் இறங்கவில்லை. கணவர் வீட்டில் இருந்தார், இரவு இடையில் யாரும் எழும்பவில்லை. ஆகவே அந்த மாதங்களின் முன்னேற்றத்தில் சிகிச்சையின் பங்கு எவ்வளவு, பருவத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு நோயாளியை மட்டும் வைத்து எழுதும் ஆய்வில் இதைக் குறிப்பிடாமல் விடுவது நேர்மையாகாது. பங்குனியில் படகுகள் மீண்டும் இறங்கின. அந்தப் பருவத்தில் இரண்டு தடவைகள் அமுக்கம் வந்தது. இரண்டிலும் கண்களை அசைத்து, கால்விரலை அசைத்து, தாமே வெளியே வந்தார். மீண்டும் உறங்கியும் விட்டார். ஒரு தடவை கதவடியில் தாய் இருந்தார். கூட்டிக்கொண்டு போக வந்தவராகத் தோன்றவில்லை என்று சொன்னார், அதற்கு மேல் விளக்கவில்லை.

மாசியில் வந்த ஆண்டுத் திவசத்துக்குத் தமையன் நேரில் வந்தார். சத்தத்தைப் பற்றி அவரிடம் சொல்வதா என்று நெடுநாள் யோசித்து, திவசத்தின் மறுநாள் சொல்லியிருக்கிறார். தமையன் அழுதுவிட்டு, தாம் அன்று அப்படிக் கேட்டதன் காரணத்தைச் சொன்னாராம்: அம்மா தனியாகக் கிடந்து போகவில்லை என்று யாராவது சொல்லிக் கேட்கவேண்டும் போலிருந்தது, தமக்குத்தான் பக்கத்தில் இருக்கக் கொடுத்து வைக்கவில்லை.

கணவர் வீட்டில் உறங்கும் இரவுகளில் அவர் இன்னும் ஒரு தடவை மூக்கின் கீழ் விரல் பிடித்துப் பார்க்கிறார். அதை விடவேண்டுமா என்று எம்மிடம் கேட்டார். நித்திரையைக் கெடுக்காதவரை விடத் தேவையில்லை என்று சொன்னோம். கண்காணிப்புச் சந்திப்புகள் இப்போது நிறுத்தப்பட்டுள்ளன. வேண்டும்போது வரலாம் என்ற ஏற்பாடு இருக்கிறது. துயரோடு வருபவர்களிடம் எமது முதற்பதிவுப் படிவத்தில் இப்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்: மரணத்தின்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள், அதன்பின் யார் உங்களிடம் என்ன சொன்னார்கள்.